யோகா வேண்டுமென்று செய்ததல்ல

பொறாமைக்காரி என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் போங்கள். யோகாவே அதை மறுக்கமாட்டாள். ஆனால் அந்தப் படகு எஞ்சினை அவள் வேண்டுமென்றே கெடுத்தாள் என்று மெல்பேணின் ஓரத்து வெரிபீ முழுக்கக் கதை காவித் திரிகிறவர்களின் நாக்கில் கொஞ்சம் உப்பு வைத்துத் தேய்த்தால்தான் சரிவரும்.

யோகா தம்பி என்று கூப்பிடுகிற லதீஸ் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிற விமலா, ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடக்கிவிட்ட கதை அது.

“பெற்றோல் டாங்கிக்குள்ள சீனி போட்டவள், தெரியுமோ? கண்ணால கண்ட ஆக்கள் இருக்கினம்.”

“ஆர் கண்டது?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

“கண்ட ஆக்கள்தான். பேர் சொன்னால் பிறகு எனக்கெல்லோ கரைச்சல். பிள்ளை குட்டி இல்லாதவள், தம்பி தம்பி எண்டு சொல்லி அந்தப் பொடியனை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தவள். அவனுக்குப் பொஞ்சாதி வந்தோடன எரிச்சல் சும்மா இருக்க விடுமே? அதுதான் அவங்களும் வீட்டை விட்டுக் கலைச்சுப் போட்டாங்கள்.”

சீனியாம்! விமலா போடுகிற தேத்தண்ணியிலேயே சீனி கரைவதில்லை. அவள் பெற்றோலுக்குள் சீனி கரைக்க வந்துவிட்டாள். கலைத்தார்களாம்! யோகாவை ஒரு வீட்டிலிருந்து கலைக்கக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவள் போனது தன் காலால், தன் நேரத்துக்கு, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு. நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு, பிறகு யாரைத் திட்டுவது என்று முடிவுசெய்யுங்கள்.

யோகாவுக்கும் லதீசுக்கும் இரத்த உறவு ஒன்றும் இல்லை. அவளும் அவள் புருசன் சிறியும் அவுஸ்திரேலியாவுக்கு வந்த அதே வள்ளத்தில் வந்தவன்தான் லதீஸ். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பொடியன், தனியாக வந்தவன். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. ஓட்டி வந்தவன் கையை விரித்துவிட்டான். சனம் எல்லாம் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இந்தப் பொடியன்தான் எஞ்சின் குழிக்குள் தலைகீழாகத் தொங்கினான். வள்ளம் ஆடின ஆட்டத்தில் அவன் உள்ளே விழாமல் இருக்க யாராவது பிடிக்கவேண்டும். பக்கத்தில் இருந்தவள் யோகா. வாந்தியெடுத்து எடுத்து எழும்பக்கூடத் தெம்பில்லாதவள், அவன் சட்டைக் கொலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். எஞ்சின் இருமி, புகை தள்ளி, திரும்பப் பிடித்தபோது மேலே வந்த முகம் முழுக்கக் கரி.

“விட்டிராதேங்கோ அக்கா எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டே இருந்தனான்” என்றான்.

அன்றைக்கு வந்த அக்கா அது. அதனால் சிறி அவனுக்கு அத்தான் ஆனான். அதற்கு முன் சிறியைத்தான் அவனுக்குக் கொஞ்சம் தெரியும். இருந்தும் முறை யோகா வழியாகத்தான் வந்தது. இதை யோகா மறக்கவில்லை. மறக்கிற பேர்வழியும் அவள் இல்லை.

மெல்பேணுக்கு வந்தபின் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ்தான். லதீஸ் இரும்பு ஒட்டுகிற வெல்டிங் வேலை பழகி, பட்டறை ஒன்றில் நிரந்தரமாகச் சேர்ந்து, பிறகு அவனுக்கு நிரந்தர விசாவும் கிடைத்து, வெரிபீயில் புதிதாகக் கட்டின வீடொன்றை எடுத்தபோதும் குசினிக் கதவுச் சாவியை நேராக யோகாவின் கையில்தான் கொடுத்தான். சிறிக்கும் யோகாவுக்கும் விசா இன்னும் இழுபறியில்தான். ஒரே வள்ளம், ஒரே கடல். ஒருவனுக்கு ஓம் என்றார்கள், மற்ற இரண்டு பேருக்கும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதைப்பற்றி யோகா லதீசிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அங்கேயும் ஒரு சின்ன முள் இருந்திருக்கும். இல்லை என்று யார் சொல்வது?

லதீஸ் ஓர் அலுமினியப் படகு வாங்கினான். பழைய படகு, அதைவிடப் பழைய எஞ்சின். கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வெரிபீ சவுத் கடற்கரையில் இறக்கி மீன் பிடிப்பான். குளிர் தொடங்கினால் படகு முற்றத்துக்கு வந்துவிடும். ஐந்து மாதம் அசையாது. அதற்கு முன் எஞ்சினைத் தூங்கவைக்கிற ஒரு நாள் உண்டு. ஊரில் வெயில் கொளுத்துகிற, இங்கே குளிர் தொடங்குகிற வைகாசியில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு யோகா சமைக்கமாட்டாள், முதல்நாள் கறிதான். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் முற்றத்தில் நிற்பார்கள். சிறி இரவு வேலை முடித்துவிட்டு உள்ளே குறட்டை விடுவான்.

தண்ணீருக்குள் இறங்குகிற எஞ்சின் காலில் காதுமூடி மாதிரி இருக்கிற ரப்பர் கவ்வியை மாட்டி, அதில் தண்ணீர்க் குழாயைப் பூட்டுவது யோகா. உப்பெல்லாம் கழுவுப்பட எஞ்சினை ஓடவிட்டு, ஓடும்போதே பெற்றோல் குழாயைக் கழற்றிவிடுவது லதீஸ். எஞ்சின் வயிற்றில் இருக்கிறதைக் குடித்துக் குடித்து முடிக்கும். கடைசிச் சொட்டுப் போகிற நேரம் அதன் சத்தம் மாறும். அப்போது யோகா அது காற்றிழுக்கிற மூச்சு வாய்க்குள் எண்ணெய் அடிக்கவேண்டும். வெள்ளைப் புகை தள்ளி, திணறி, அடங்கும்.

“வயிறு காயவிட்டால்தான் அக்கா நித்திரை கொள்ளும். பெற்றோல் மிஞ்சிக் கிடந்தால் பிசின் மாதிரிப் பிடிச்சிடும்” என்பான் லதீஸ்.

அவன் ஊர்க் கரையில் பழகின முறை. அந்தப் பழைய எஞ்சினுக்கு அது சரியான முறையும்கூட. பிறகு, எஞ்சினின் சிவப்புச் சுருள் கயிற்றைக் கழற்றி யோகாவிடம் கொடுப்பான். ஓட்டுகிறவன் அதை மணிக்கட்டில் மாட்டியிருக்கவேண்டும். தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் தானாக நின்றுவிடும். அந்தக் கயிறு இல்லாமல் எஞ்சின் உயிர் பிடிக்காது. யோகா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிடுவாள். ஐப்பசியில் மீன் வருகிற காலத்தில் லதீஸ் வந்து, “அக்கா, கயிறு” என்று கை நீட்டுவான். அந்தக் கை நீட்டலுக்காக அவள் குளிர் முழுக்கக் காத்திருப்பாள் என்றால் விமலாவுக்கு அது விளங்குமா?

லதீசுக்குப் பெண் பார்த்தது யார் தெரியுமா? யோகாதான். தொலைபேசியிலேயே கிளிநொச்சி வரைக்கும் போய், சாதகம் பார்த்து, தாயோடு கதைத்து, தகப்பனோடு சண்டை பிடித்து, ஹரிப்பிரியாவைக் கண்டுபிடித்தாள். லதீஸ் ஊருக்குத் திரும்பமுடியாது, அதனால் கலியாணம் திருச்சியில். விசா இல்லாத யோகா எப்படிப் போவாள்? இங்கே குசினிக் கதிரையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இருந்து, சிறி பிடித்த தொலைபேசியில் தாலி கட்டுவதைப் பார்த்தாள். நல்ல நேரத்தில் படம் உறைந்துவிட்டது. திரும்ப அசைந்தபோது தாலி ஏறியாயிற்று. அப்போதே, “உவள் கொஞ்சம் கூடச் சிரிக்கிறாள்” என்று சொன்னாளாம்.

ஹரிப்பிரியா மாசி மாதம் வந்து சேர்ந்தாள். குற்றம் சொல்ல ஒரு நூல்கூட இல்லாத பிள்ளை. அதுதான் யோகாவுக்குத் தாங்கவில்லை. சண்டைக்காரி என்றால் இரண்டு வார்த்தை கேட்டு மனதை ஆற்றலாம். இவளோ, “அக்கா, உங்கட மீன்குழம்பு மாதிரி என்ரை அம்மாவுக்கும் வராது” என்கிறாள். இப்படிச் சொல்கிறவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? லதீசின் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக் கொடுத்த கை இப்போது வேறு கை. முன்பெல்லாம் வேலையால் வந்ததும் குசினி வாசலில் நின்று, “அக்கா, என்ன கறி?” என்று கேட்பான். இப்போது நேரே அறைக்குள் போகிறான். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்ன பகிடி என்று தெரியாமல் யோகா வெங்காயம் அரிவாள். தேவைக்கு மேல் அரிவாள்.

“ஏனப்பா இவ்வளவு வெங்காயம்? ஆரும் செத்துப் போச்சினமோ?” என்று சிறி கேட்டான்.

“சும்மா இருங்கோ” என்றாள் யோகா.

“மெல்பேணுக்கு அங்கால டண்டினோங்கில அந்த வேலை இன்னும் இருக்காம். பகல் வேலை. கிட்டவே வீடும் எடுக்கலாம். போவம் எண்டு ஒரு வருசமாச் சொல்லுறன்.”

“தம்பியைத் தனிய விட்டிட்டோ?”

“அவன் இப்ப எங்கை தனிய?”

யோகா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

அந்தக் கோடையில்தான் லதீஸ் பழைய எஞ்சினை விட்டுவிட்டுப் புது மாதிரி எஞ்சின் பூட்டியிருந்தான். இன்ஜெக்‌ஷன் எஞ்சின். பெற்றோலை அளந்து அளந்து அதுவே பீச்சிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் போதும், பூனை மாதிரி முனகும். அது வந்த அன்றே யோகா அதன் சிவப்புக் கயிற்றைப் பழைய ஆணியில் கொழுவிவிட்டாள்.

வைகாசி வந்தது. எஞ்சின் நாளுக்கு முதல்நாள் பின்னேரம், லதீஸ் தேத்தண்ணியோடு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். கனகாலத்துக்குப் பிறகு அப்படி இருந்தான். யோகாவின் முகம் மலர்ந்தது.

“அக்கா, நாளைக்கு எஞ்சின் வேலை. இந்தமுறை வேற மாதிரிச் செய்யவேணுமாம். ஹரி எஞ்சின் புத்தகம் வாசிச்சவ, அதில…”

யாரும் யோகாவிடம் சொல்லாமல் விடவில்லை. சொன்னார்கள். ஆனால் ஹரி என்ற பேர் வந்த இடத்திலேயே யோகாவின் காது சாத்திக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு லதீசின் வாய் அசைந்தது, அவள் பார்த்தாள், தலையையும் ஆட்டினாள். அவளுக்குக் கேட்டது ஒன்றுதான்: என்னுடைய நாளுக்கும் அவள் வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை லதீசும் ஹரிப்பிரியாவும் பெற்றோல் பழுதாகாமல் வைத்திருக்கிற மருந்து வாங்கக் கடைக்குப் போனார்கள்.

“நாங்கள் வந்தாப் பிறகு தொடங்குவம் அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நாங்கள். அந்தச் சொல்லுக்குள் யோகா இல்லை. பழைய சட்டையைப் போட்டாள். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். அவர்கள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கவேண்டும். எஞ்சின் கழுவி, காய்ந்து, எண்ணெய் குடித்துத் தூங்கவேண்டும். “அக்கா, நீங்களே முடிச்சிட்டியளோ!” என்று லதீஸ் வாயைப் பிளக்கவேண்டும். பக்கத்தில் மருந்துப் போத்தலோடு அவள் சும்மா நிற்கவேண்டும். அவ்வளவுதான் யோகாவின் சதி. பெற்றோல் டாங்கியில் சீனி போட வந்தவள் அல்ல. இந்த உலகத்தில் அந்த எஞ்சினை அவளைவிட நன்றாக யாரும் பார்க்கமுடியாது என்று காட்ட வந்தவள்.

கவ்வியை மாட்டினாள், தண்ணீரைத் திறந்தாள், எஞ்சினை ஓடவிட்டாள். பெற்றோல் குழாயைக் கழற்றினாள். வயிறு காயட்டும் என்று பக்கத்தில் நின்றாள். பழைய எஞ்சின் என்றால் அடங்கப்போவதற்கு முன் சத்தம் மாறும். இது ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று நின்றுவிட்டது. எண்ணெய் அடிக்க நேரம் கிடைக்கவில்லை. சரி என்று திரும்பச் சாவியைத் திருப்பினாள். கொஞ்சம் ஓடியது, மூச்சு வாயைத் தேடிக் கண்டுபிடித்து எண்ணெயை அடித்தாள். நின்றது. திரும்பத் திருப்பினாள். உள்ளே எங்கேயோ ஒரு கீச்சுச் சத்தம், எலியை மிதித்தமாதிரி. இன்னும் வயிற்றில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்று நினைத்தாள். இன்னொருமுறை திருப்பினாள். கீச்சுச் சத்தமும் நின்றுபோனது.

கார் வந்து நின்றபோது யோகா கையைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் முடிஞ்சுது தம்பி. சொட்டுப் பெற்றோல் இல்லை, வயிறு சுத்தமாக் காய்ஞ்சிட்டுது.”

லதீஸ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடிக்கவில்லை; கழற்றிக் கிடந்த பெற்றோல் குழாயைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கில் யோகாவுக்கு வள்ளத்தில் எஞ்சின் நின்ற நாள் ஞாபகம் வந்தது. ஏசுவான் என்று நின்றாள். ஏசியிருந்தால் அவளும் ஏசியிருப்பாள். பிறகு அழுது, பிறகு சோறு போட்டிருப்பாள். அவனோ படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஹரிப்பிரியாதான் வாய் திறந்தாள். “விடுங்கோ லதீஸ். அக்கா தெரியாமத்தானே செய்தவ.”

யோகாவுக்கு அங்கேதான் விழுந்தது அடி. தம்பிக்கும் தனக்கும் நடுவில் நின்று, தனக்காக இன்னொருத்தி கதைக்கிறாள். தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறாள். இந்த வீட்டில் மன்னிப்புக் கொடுக்கிறவள் நேற்று வரைக்கும் யோகாதான்.

“தெரியாமச் செய்யேல்லை. எனக்கு எல்லாம் தெரியும்!” என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கத்தல் மதில் தாண்டிப் போய் விமலாவின் காதில் விழுந்து, “தெரிஞ்சுதான் செய்தவளாம், தன்ரை வாயாலேயே சொன்னவள்” என்று ஆனது. சீனி பிறகு சேர்த்தது.

படகை எஞ்சின் திருத்துகிற பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த கிழட்டுக் கிரேக்கன் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னானாம்: இந்த மாதிரி எஞ்சினில் பெற்றோலை அழுத்தித் தள்ளுகிற பம்பு பெற்றோலாலேயே குளிர்கிறது, காயவிட்டு ஓட்டினால் எரிந்துபோகும். பழைய எஞ்சின் பழகினவர்கள் செய்கிற பிழைதான், குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒன்றாவது இப்படி வரும் என்று. லதீஸ் வந்து இதைக் குசினி வாசலில் நின்று சொன்னான். யோகாவைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். ஆனால் “என்ன கறி?” என்று கேட்கவில்லை.

யோகா அன்று இரவுச் சாப்பாட்டின்போது சிறியிடம் சொன்னாள்: “டண்டினோங்குக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ.”

சிறி கவளத்தைப் பாதியில் நிறுத்தினான். லதீஸ் நிமிர்ந்தான்.

“ஆரும் உங்களைப் போகச் சொன்னதே அக்கா?”

“ஆரும் சொல்லேல்லை. சொல்லிப் பார்க்கட்டும்! அத்தானுக்கு இரவு வேலை ஒத்துவரேல்லை. நாரி நோகுது எண்டு எத்தினை நாளாச் சொல்லுறார்.”

“நான் எப்ப…” என்று சிறி தொடங்கினான். யோகா பார்த்த பார்வையில், “ஓம், நோகுதுதான்” என்று இடுப்பைத் தடவினான்.

“ஆனால் ஒண்டு,” என்றாள் யோகா. “எஞ்சின் பட்டறையால வந்து, அதைத் தூங்கவச்சுப் போட்டுத்தான் போவன். நான் கெடுத்ததை நான் சரியாச் செய்யாமல் இந்தப் படியால இறங்கமாட்டன்.”

எஞ்சின் வந்தது. மறுபடியும் ஒரு சனிக்கிழமை, அவர்கள் டண்டினோங் போகிற நாளும் அதுதான். இந்தமுறை ஹரிப்பிரியா புத்தகத்தை விரித்துவைத்து வாசிக்க, யோகா செய்தாள். அதற்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்பது வேறு கதை.

“டாங்கியை நிரப்பவேணுமாம் அக்கா. மருந்து கலந்து ஓடவிட்டால் அது எல்லா இடமும் போய்ச் சேருமாம்.”

“காயவிடாமலோ?”

“காயவே விடக்கூடாதாம். சாவியாலதான் நிப்பாட்டவேணும்.”

வயிறு நிரம்பத் தூங்குகிற எஞ்சினை யோகா வாழ்நாளில் கண்டதில்லை. தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்; எஞ்சினை ஓடவிட்டாள்; சாவியால் நிறுத்தினாள். லதீஸ் பிளக்குகளைக் கழற்ற, அந்த ஓட்டைகளுக்குள் அளவாக எண்ணெய் அடித்தாள்.

“இப்ப கயிறைக் கழட்டிப் போட்டுச் சாவியைத் திருப்பட்டாம். எஞ்சின் சுத்தும், பிடிக்காது. எண்ணெய் உள்ளுக்கை பரவுமாம்.”

யோகா சிவப்புக் கயிற்றைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள். லதீஸ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு புரளல் புரண்டு அடங்கியது. பிளக்குகளைப் பூட்டினார்கள், பற்றரியைக் கழற்றினார்கள், தண்ணீர் வடிய எஞ்சின் காலைக் கீழே இறக்கி நேராக நிறுத்தினார்கள். மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது ஒரு முனை லதீசின் கையில், மறுமுனை யோகாவின் கையில். நடு முடிச்சை ஹரிப்பிரியா போட்டாள். நல்ல இறுக்கமான முடிச்சு. அதையும் யோகா கவனித்தாள்.

கை கழுவிவிட்டு உள்ளே வந்தாள். ஆணி சுவரில் வெறுமையாக இருந்தது. கயிறு அவள் மணிக்கட்டில். ஒரு நிமிசம் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு கதிரையில் கிடந்த தன் கைப்பையைத் திறந்து, கயிற்றை உள்ளே போட்டு, இழுவைப் பூட்டை இழுத்து மூடினாள்.

நிமிர்ந்தபோது குசினி வாசலில் ஹரிப்பிரியா நின்றாள். பார்த்துவிட்டாள். கடைக்குப் போனால் அப்படிக் கயிறு இன்னொன்று வாங்கலாம்; அது இருவருக்கும் தெரியும்.

“அக்கா, மீன்குழம்பு ஒரு போத்திலில போட்டு வச்சிருக்கிறன்” என்றாள் ஹரிப்பிரியா. “உங்களைப் பார்த்துப் பழகினதுதான். அங்கை போய்ச் சாப்பிடுங்கோ.” அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பாருங்கள், அப்போதும் யோகாவுக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு நல்ல மனம் ஒருத்திக்கு எங்கிருந்து வருகிறது என்று எரிச்சல். ஆனாலும் போத்தலை வாங்கிக்கொண்டாள்.

சிறி காரில் மற்றப் பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டான். லதீஸ் பெரிய பெட்டியைத் தூக்க வந்தான், யோகா விடவில்லை. வாசல்படியில் நின்று செருப்பைப் போட்டாள்.

“போட்டு வாறன் தம்பி.”

“அக்கா, ஐப்பசியில மீன் வரும்…” என்றவன் அங்கேயே நின்றுவிட்டான். சுவர் ஆணியைக் கண்டிருந்தானோ என்னவோ.

“வரட்டும்” என்றாள் யோகா. “டண்டினோங் வீட்டு விலாசம் அத்தான் அனுப்புவார். வந்து கையை நீட்டு.”

கைப்பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மீன்குழம்பும் தூக்கிக்கொண்டு, படியால் இறங்கிப் போனாள்.